கண்ணின் பின்பக்கத்தில் அம்மப்பா

ஹவுன்ஸ்லோ,
ஒக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கோசிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகன் றமணனும் மாமியும் அந்த வெலிங்டன் காற்றில் பறந்துபோகாமல் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது எந்தக் கடிதத்தில்தான் சுகமாக இருந்தது. நாளைக்குத் தீபாவளி, பயற்றம் பணியாரத்துக்கு மா வறுத்து வைத்துவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். நேற்றுத்தானே போனில் கதைத்தோம், பிறகென்ன கடிதம் என்று நீ கேட்பாய். உங்கள் வீட்டில் போனை மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் கதைக்கிறீர்கள், மாமி ஒரு பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு நான் தும்மினாலும் சுகம் விசாரிப்பார். நல்ல மனுசி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இது அப்படிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, ஆகவே முதலில் நீ தனியாக இருந்து வாசி. நீ தமிழ் வாசிக்கிற வேகம் எனக்குத் தெரியும், அதுதான் எழுத்தைப் பெரிதாகப் போடுகிறேன். சனிக்கிழமை விடியத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனது இன்றைக்காகத்தான் என்று வைத்துக்கொள். பயப்படாதே, ஒருவரும் சாகக் கிடக்கவில்லை.

வைகாசி மாதம் எங்கள் டொக்டர் இருந்து ஆட்களைப் பார்க்கிற சேர்ஜரியில் இருந்து போனுக்கு ஒரு தகவல் வந்தது, பிரஷர் பார்க்க வரச்சொல்லி. போனேன். பிரஷர் பார்க்கிற பிள்ளை ரமா என்று ஒருத்தி, திருச்சிப் பக்கத்து ஆள், நான் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதுமே நீங்க யாழ்ப்பாணமாம்மா என்று கேட்டுவிட்டாள். பிரஷரைப் பார்த்து எழுதிவிட்டு, புதிதாக ஒரு கண் கமரா வந்திருக்கிறது, ஐம்பத்தைந்துக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இங்கேயே படம் எடுத்துப் பார்க்கிறோம், இருந்துவிட்டுப் போங்கம்மா என்றாள். எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, கடையில் கொழுவியிருக்கிற ரெடிமேட் கண்ணாடியைப் போட்டால் ஊசிக்கு நூல் கோர்ப்பேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். ஆமாம்மா, உங்களை மாதிரி ஒப்டீசியன் பக்கமே போகாதவங்களைப் பிடிக்கத்தான் கமராவை இங்க கொண்டாந்து வச்சிருக்காங்க என்றாள். பார்த்தாயா, சேர்ஜரிக்காரருக்கு என்னைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது.

முதலில் ஒரு படிவம் தந்தாள். வயது, மருந்துகள், சீனி வருத்தம் இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் ஒழுங்காக எழுதினேன். ஐந்தாவது கேள்வி, குடும்பத்தில் யாருக்காவது குளுக்கோமா, அதாவது கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகிப் பார்வை போகிற வருத்தம், இருந்ததா என்று. ஓம், இல்லை, தெரியாது என்று மூன்று பெட்டி. கோசி, நான் யோசிக்கவே இல்லை. கை தன்பாட்டில் போய் இல்லை என்ற பெட்டியில் சரி போட்டுவிட்டது. முப்பத்தெட்டு வருடம் பழகின கை. ஏன் என்று பிறகு சொல்கிறேன், பொறு.

அறையை இருட்டாக்கி நாடியை ஒரு தட்டில் வைக்கச் சொன்னாள். ஒரு பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பளிச்சென்று ஒரு வெளிச்சம், மற்றக் கண்ணிலும் பளிச், அவ்வளவுதான். மருந்து ஊற்றவில்லை, கண்ணைத் தொடவும் இல்லை. பிறகு கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினாள் பார், ஐயோ பிள்ளை. தோடம்பழ ஓரேஞ்ச் நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் சிவப்புச் சிவப்பாக நரம்புகள் கிளைவிட்டுப் போகின்றன, ஒரு பக்கத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு சின்ன வட்டம். இது என்ன என்று கேட்டேன். உங்க கண்ணோட பின்பக்கம்மா என்றாள். ஐம்பத்தொன்பது வருடம் இந்தக் கண்ணுக்கு மை பூசியிருக்கிறேன், வெங்காயம் வெட்டி அழவிட்டிருக்கிறேன், உன்னைக் கண்ட நாளில் நிறையவிட்டிருக்கிறேன், இதற்கு ஒரு பின்பக்கம் இருக்கிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. சூரியன் மறைகிற நேரத்து வானம் மாதிரி இருந்தது. இவ்வளவு வடிவான ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டா நான் விமானத்துச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு திரிந்தேன் என்று இருந்தது.

இனித்தான் விஷயம். அந்தப் படத்தை டொக்டர் பார்க்கப்போகிறார், நாளைக்கோ மறுநாளோ சொல்வார்கள் என்று நினைத்து நான் கோட்டைப் போட எழும்பினேன். இருங்கம்மா, ஏஐ பார்த்துட்டு இருக்கு என்றாள். கோட்டின் ஒரு கையை நுழைத்து மற்றக் கையை நுழைக்கவில்லை, முடிவு வந்துவிட்டது. வலது கண்ணுக்கு மஞ்சள், இடது கண்ணுக்குச் சிவப்பு, ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் என்று இங்கிலிஷில் ஒரு வரி. அந்த வெளிர் வட்டத்தின் நடுவில் ஒரு குழி இருக்குமாம், எல்லோருக்கும் இருக்குமாம். இந்த வருத்தம் உள்ளவர்களுக்குக் குழி பெரிதாகிக்கொண்டு போய்க் கரையைத் தின்னுமாம். நாங்கள் சுடுகிற உழுந்து வடையில் ஓட்டை பெருக்கப் பெருக்க வடை குறைந்துபோகிறதே, அப்படி. என் இடது கண்ணில் வடை குறைந்துபோய்விட்டது என்று அந்த மெசின் கண்டுபிடித்துவிட்டது. எனக்கு நோவில்லை, சிவக்கவில்லை, மங்கவில்லை, ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் அதற்குத் தெரிந்துவிட்டது.

ரமா கெட்டிக்காரி, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தாள். இது முடிவில்லைம்மா, சில நேரம் ஒண்ணும் இல்லாதவங்களையும் அனுப்பிடும், சில நேரம் இருக்கிறதை விட்டுடவும் செய்யும், டொக்டர் பார்த்துத்தான் சொல்லணும் என்றாள். அது உண்மைதான், கோயிலில் காண்கிற செல்வரத்தினம் அண்ணையையும் இப்படி அனுப்பி அங்கே ஒன்றுமில்லை என்று திருப்பிவிட்டார்கள், மனுசன் இப்போதும் மெசினுக்கு விசர் என்று மேளச் சத்தத்துக்கு மேலால் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆனால் நான் தண்ணீரைக் குடித்தபடி கேட்டது வேறு. இதற்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். சொல்லிக்கொடுக்கிறதே இல்லைம்மா, ஆயிரம் ஆயிரமா கண்ணுப் படங்களைக் காட்டிக் காட்டியே கத்துக்குதாம் என்றாள். எங்கெங்கோ இருக்கிற மனிசரின் கண்களாம், நல்ல கண்களும் கெட்டுப்போன கண்களும். பஸ்ஸில் வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். யாரோ ஒருவருக்குப் பார்வை போயிருக்கிறது, அவர் யார் என்று எனக்குத் தெரியாது, அவர் கண்ணைப் பார்த்து இது என் கண்ணை அடையாளம் கண்டிருக்கிறது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெட்டைக்கு நான் ஏன் அழுகிறேன் என்று விளங்கவில்லை, பாவம், டிஷ்யு எடுத்துத் தந்தாள்.

உனக்கு அப்போது சொல்லவில்லை. அப்பாவுக்குச் சொன்னேன், அவருக்குச் சொல்லாமல் இந்த வீட்டில் ஒரு கடித உறையைக்கூடப் பிரிக்க ஏலாது. ரெண்டு வருடமாகக் கண் மங்குகிறது என்று தானல்லவா முறைப்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர், அடுத்த நாளே ஓடிப்போய்த் தனக்கும் எடுத்தார், ரெண்டு கண்ணும் பச்சை. அவருக்குக் கண்ணாடியைத் துடைத்தால் போதுமாம்.

ஆவணி மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு பெரிய வெள்ளைக் கோப்பை மாதிரி ஒன்றுக்குள் தலையை வைத்து, நடுவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், சுற்றிவர எங்காவது ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தால் கையிலுள்ள பட்டனை அமத்த வேண்டும். இடது கண்ணுக்கு வைத்தபோது கனநேரம் ஒன்றும் தெரியவில்லை. பெயில் ஆகப்போகிறேன் என்று பயம் பிடித்துவிட்டது, உனக்குத் தெரியும்தானே உன் அம்மா சோதனையில் பெயிலாகாத ஆள், தெரியாத இடத்திலும் ஒரு குத்துமதிப்பில் டக் டக்கென்று அமத்தினேன். முடிந்ததும் அந்தப் பையன் தாளைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் வராத நேரத்திலும் அமத்தியிருக்கிறீர்கள், மெசின் காட்டிக்கொடுத்துவிட்டது, திரும்பச் செய்வோம் என்றான். அப்பா பக்கத்தில் இருந்து சிரிக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. படிவத்தில் பொய் எழுதினேன், கமரா படிவத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. இங்கே கையால் பொய் சொன்னேன், இதுவும் பிடித்துவிட்டது. இரண்டாம் தரம் உண்மையாகவே செய்தேன். தாளில் இடது கண்ணின் ஒரு மூலை முழுக்கக் கறுப்பாக வந்தது.

கண் டொக்டர் ஒரு உயரமான பொம்பிளை, அவசரப்படாமல் கதைத்தார். குளுக்கோமாதான், இடது கண்ணில் கால்வாசிப் பார்வை போய்விட்டது, போனது திரும்பி வராது, வலது கண்ணில் இப்போதுதான் தொடக்கம், மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், இன்னும் மூன்று நாலு வருடம் கழித்து வந்திருந்தால் கதை வேறு என்றார். வேலையில் இடப்பக்கத்தால் வருகிற தட்டுகளில் இனிப்புக் கோப்பை வைக்க மறந்து ஏச்சு வாங்கினேனே, கோயிலில் பக்கத்தில் நின்று சிரித்தவர்களைக் காணாமல் போய்த் தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர் எடுத்தேனே, அதெல்லாம் இதனாலா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஒரு கண் விட்டதை மற்றக் கண் நிரப்பிக்கொண்டுவிடும், அதனால்தான் ஒருவருக்கும் தெரிவதில்லை என்றார். பிறகு படிவத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், குடும்பத்தில் ஒருவருக்கும் பார்வை போகவில்லையா என்று.

நான் வாய் திறக்கமுன் அப்பா முந்திக்கொண்டார். என்ரை மாமாவுக்கு, இவவின்ரை அப்பாவுக்கு, ரெண்டு கண்ணும் இல்லை டொக்டர், ஆனால் அது வருத்தமில்லை, எண்பத்தேழிலை சண்டையிலை செல் குண்டு விழுந்தது என்று இங்கிலிஷில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். உனக்குத் தெரியும்தானே, டென்மார்க்கில் வேலை செய்த காலத்தில் இருந்து எந்தக் கூட்டத்திலும் அவர் சொல்கிற கதை. டொக்டர் மெதுவாகக் கேட்டார், முகத்தில் காயம் இருந்ததா, செல்லுக்கு முதல் நன்றாகப் பார்த்தாரா என்று. கோசி, அந்த அறையில் மேசைமேல் என் கண்ணின் படம் திறந்தபடி கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. செல் விழுந்தது உண்மை, ஆனால் என் அப்பாவின் கண் செல்லில் போகவில்லை என்று சொன்னேன். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் கட்டி முப்பத்தாறு வருடத்தில் அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை.

உனக்கும் சொல்கிறேன், கேள். அம்மப்பாவுக்குத் தபால்கந்தோரில் கடிதம் பிரிக்கிற வேலை. எண்பத்தொன்றிலேயே பிழையான பெட்டியில் கடிதம் போடத் தொடங்கிவிட்டார், பிறகு கதவு நிலையில் இடிபட்டார், பிறகு பக்கத்தில் நிற்கிற ஆளைத் தெரியாது. எண்பத்துநாலில் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது நான், எனக்குப் பதினெட்டு வயது. அந்த டொக்டர் சொன்னது இன்றைக்கும் காதுக்குள் கேட்கிறது. இது குடும்பத்திலை ஓடுற வருத்தம், நாப்பது வயசு வர முதல் பிள்ளையள் எல்லாற்றை கண்ணையும் காட்டவேணும் என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வெளியே வந்து ரோட்டில் நின்றுகொண்டு அம்மப்பா என் கையைப் பிடித்து, இதை வீட்டிலை சொல்லாதை பிள்ளை என்றார். ரெண்டு பொம்பிளைப் பிள்ளைகள், நானும் மாலினியும், குருட்டு வருத்தம் ஓடுகிற குடும்பம் என்று ஒரு சொல் வெளியே போனால் யார் பெண் எடுப்பான். எண்பத்தேழு ஐப்பசியில் பக்கத்து வளவில் செல் விழுந்து எங்கள் சுவர் சரிந்தது, அவர் முகம் எல்லாம் தூசி. அன்றைக்கு அவருக்கு ஏற்கெனவே நிழல் மட்டும்தான் தெரியும். பார்க்க வந்தவர்கள் ஐயோ கண் போயிட்டுதோ என்று கேட்டார்கள், அவர் ஓம், செல்லிலை போயிட்டுது என்றார். அவ்வளவுதான். ஊரில் பாதிப்பேருக்குச் செல்லில் ஏதோ ஒன்று போன காலம், அதை யாரும் குறைவாகப் பார்க்கவில்லை, மரியாதையாகக்கூடப் பார்த்தார்கள். போகப் போக அவரே அந்தக் கதையை வளர்த்தார், எந்தத் திசையால் சத்தம் வந்தது, கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது என்றெல்லாம். கடைசியில் எனக்கே அதுதான் உண்மை போலாகிவிட்டது. என்னைக் கட்டிக்கொடுப்பதற்காக ஒரு மனிசன் தன் வருத்தத்தைச் சண்டையின் தலையில் போட்டுவிட்டுச் செத்தார் என்று நினைக்கும்போது எனக்கு அவரில் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

ஆஸ்பத்திரியால் வந்து உன் அப்பா ரெண்டு நாள் கதைக்கவில்லை, ஆனால் மருந்துத் துளி விடுகிற நேரம் மட்டும் வந்து நிற்பார், பின்னேரச் செய்தி முடிந்ததும் போனில் மணி அடிக்க வைத்திருக்கிறார். கீழ் இமையை இழுத்துப் பிடித்து ஒரு துளி, பிறகு மூக்கோரத்தை ஒரு நிமிடம் அமத்திப் பிடிக்க வேண்டும். நான் துளி விழமுன் கண்ணை மூடிவிடுவேன், மருந்து கன்னத்தால் ஓடும், அவர் ஏசுவார், கதையில்லாத வீட்டில் அந்த ஏச்சாவது கிடைத்தது. மூன்றாம் நாள் துளியை விட்டுவிட்டு, மூக்கோரத்தை அமத்திப் பிடித்தபடியே சொன்னார். செல் எண்டு பொய் சொன்னதுக்கு நான் கோவிக்கேல்லை, எனக்கு மூச்சு இழுக்கிற தொய்வு இருக்கெண்டு என்ரை அம்மா உங்கடை ஆக்களுக்குச் சொன்னவவே, டென்மார்க்கிலை முதல் பனிக்கு நான் இழுத்த இழுவையிலைதானே உனக்குத் தெரிஞ்சது, ஆனால் டொக்டர் காட்டச் சொன்ன கண்ணை நாப்பது வருஷம் ஒருத்தருக்கும் காட்டாமல் வைச்சிருந்தியே, அதைத்தான் என்னாலை தாங்க ஏலாமல் கிடக்கு என்றார். நான் அழுதால் மருந்து போய்விடும் என்று அழவும் விடவில்லை. பிறகு, பிள்ளைக்கு எழுது என்றார்.

அப்போதும் நான் உடனே எழுதவில்லை. முதலில் வால்தம்ஸ்டோவுக்கு மாலினிச் சித்திக்குத்தான் போன் எடுத்தேன், அவளும் அதே அப்பாவின் பிள்ளைதானே. அவள் குசுகுசுத்த குரலில் சத்தம் போட்டாள், அவளால் மட்டும்தான் அது ஏலும். அக்கா, சும்மா இரு, தர்மிகாவுக்கு ஒரு இடம் பேசுகினம், மாப்பிள்ளை பகுதி லூயிஷாம் கோயிலிலை கனபேரைத் தெரிஞ்ச ஆக்கள், இந்தக் கதை அங்கை போச்செண்டால் முடிஞ்சுது, கலியாணம் முடிய நான் போய்க் காட்டுறன், நீ கோசிக்கும் ஒண்டும் எழுதாதை, அவளின்ரை மாமிக்குத் தெரிஞ்சால் என்ன நினைப்பா என்றாள். அம்மப்பா ரோட்டில் நின்று சொன்ன அதே வார்த்தை, ஆளும் நாடும்தான் வேறு. கலியாணம் முடியட்டும் என்று கண் காத்துக்கொண்டு இருக்காது, எனக்குக் காத்திருக்கவில்லை. அவள் இன்னும் கண்ணைக் காட்டப் போகவில்லை. அவள் வீட்டில் போய் ஏறி இழுத்துக்கொண்டு போவதென்றுதான் இருக்கிறேன், தீபாவளிப் பலகாரத்தைச் சாட்டாக வைத்து.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை, கோசி. நான் அந்த மெசினுக்கு என் பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, யாருடைய மகள் என்று சொல்லவில்லை. சொன்ன ஒன்றும் பொய். கட்டின புருசனுக்குத் தெரியாது, பெற்ற பிள்ளைக்குத் தெரியாது. கோட்டுக் கையை நுழைக்கிற நேரத்தில் அது என் கண்ணுக்குள் போய், என் அப்பா அங்கே இருக்கிறார் என்று கண்டுவிட்டது. அவரைச் சுட்டுச் சாம்பலாக்கிப் பத்தொன்பது வருடம், அவர் என் கண்ணின் பின்பக்கத்தில் இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக என் வெளிச்சத்தைக் கொண்டுபோயிருக்கிறார். அவர் கண்ணை அன்றைக்கு இப்படி ஒரு படம் எடுக்க ஆள் இருந்திருந்தால், அதைப் பார்த்தும் இந்த மெசின் படித்திருக்கும், இன்னொருத்திக்கு உதவியிருக்கும் என்று நினைத்தேன். கடவுள் காரியம் என்று சொன்னால் நீ சிரிப்பாய். மனிசர் செய்த காரியம்தான், அதுதான் எனக்குப் பெரிய புதினமாக இருக்கிறது, ஒரு மூலையில் பிரஷர் பார்க்கிற கதிரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களே.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவும். உனக்கு ஏழு வயதிலேயே கண்ணாடி, இப்போது கண்ணாடியைக் கழற்றினால் றமணனுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாது என்று நீயே சொல்வாய். அப்படித் தூரப்பார்வை குறைந்த கண்ணுக்கு இது இன்னும் சுலபமாக வருமாம், பெற்ற தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வருகிற சாத்தியம் பல மடங்காம், டொக்டர் உன் வயதைக் கேட்டுவிட்டு உடனே காட்டச் சொன்னார். உனக்கு முப்பத்துநாலு. எனக்கு அந்த டொக்டர் சொன்னபோது பதினெட்டு, இருபத்திரண்டு வருட அவகாசம் இருந்தது, அவ்வளவையும் விட்டுவிட்டேன். உனக்கு வராமலே போகலாம், அப்படித்தான் நான் கேட்டுக் கும்பிடுகிறேன். ஆனால் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லட்டும், பார்க்காமல் இல்லை என்று சொல்கிற புத்தி என்னோடு முடியட்டும். அங்கே அந்த ஏஐ கமரா இருக்கிறதோ தெரியாது, இல்லாவிட்டால் கண் டொக்டரிடம் போ, கண்ணாடி இலக்கத்தை மட்டும் பார்க்க விட்டுவிட்டு வராதே, நரம்பைப் பார்க்கச் சொல், அழுத்தத்தைப் பார்க்கச் சொல். வேலை, மீற்றிங் என்று எனக்குக் கதை விடாதே.

மாமி விஷயம். உன் கல்யாணம் பேசும்போது மாமி என்னிடம் நேரே கேட்டவர், உங்கடை பகுதியிலை வருத்தம் ஏதும் இருக்கோ என்று. ஒண்டுமில்லை, அப்பாவுக்குச் செல்லிலை கண் போனதுதான் என்று நான் சொன்னேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அந்தக் கண்ணீரை நான் பொய் சொல்லி வாங்கினேன், அது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே கிடக்கிறது. இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது உன்னைத் தனியாக இருந்து வாசிக்கச் சொன்னேன். இவ்வளவும் எழுதிய பிறகு பார்க்கிறேன், அம்மப்பா என்னிடம் சொன்னதையேதான் நான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். வேண்டாம். மாமியைப் பக்கத்தில் இருத்தி, முதல் வரியில் இருந்து சத்தமாக வாசித்துக் காட்டு. தடக்கித் தடக்கி வாசித்தாலும் பரவாயில்லை. அவருக்குக் கோபம் வந்தால் எனக்கு நேரே போன் எடுக்கட்டும், ஸ்பீக்கரில் போட்டே ஏசட்டும், நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

குளிர் விட்டுவிட்டது என்று காதை மூடாமல் காற்றில் திரியாதே. பணியாரம் ஒரு பெட்டி அனுப்புகிறேன், றமணனுக்கு மூன்று தந்தால் போதும். நீ நூறு வயது வரை ஊசிக்கு நூல் கோர்த்து, எழுத்தை எழுத்தாகவும் முகத்தை முகமாகவும் பார்த்து, நிறைவாக இருக்க வேண்டும் என்று நல்லூரானை நினைத்து உன் தலையில் கை வைக்கிறேன். அப்பாவும் வைக்கிறார், இப்போதுதான் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு மருந்துக்கு நேரமாகிறது என்கிறார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கேயும் ஒரு படிவம் தருவார்கள், அதிலும் அந்தக் கேள்வி இருக்கும். ஓம் என்ற பெட்டியில் சரி போடு. யாருக்கு என்று கேட்டால், அம்மா, அம்மாவின் அப்பா என்று இரண்டு பேரையும் எழுது.

இப்படிக்கு,
இதை இரண்டு கண்ணாலும் பார்த்து எழுதிய
உன் அம்மா
ஜெயகௌரி வாமதேவன்